பின்னாலிருந்து ஓர் உதை

போன மாதம் பாலக்காட்டுச் சித்தூர் கடைத்தெருவில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது எனக்குக் கால் மடங்கிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. ரோட்டோரம் கொட்டியிருந்த ஜல்லியில் ஒரு கல் புரண்டது, கூடவே நானும் புரண்டேன். காய்கறிப் பை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவர் காலைப் பிடித்தே சோறு தின்றவள் நான். அதனால் விழுந்த இடத்தில் உட்கார்ந்தபடியே என் கணுக்காலை நானே அமுக்கிப் பார்த்தேன். எலும்பின் மேல் வலி இல்லை. அதற்குக் கீழே, கொஞ்சம் முன்பக்கமாக, ஜவ்வில்தான் வலி. எழுந்து நாலடி வைத்தால் வைக்க முடிகிறது. ஆக, சுளுக்குத்தான். கிழவி நடுத்தெருவில் உட்கார்ந்து ஏதோ வேண்டுதல் செய்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, ஆட்டோக்காரர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் சொன்ன முடிவை என் மகன் ஒப்புக்கொள்ளவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். அதுவும் சுளுக்கு என்றுதான் சொன்னது. அதன் பிறகு வீட்டுக்கே வந்து பார்க்க ஒரு பிசியோதெரபிப் பெண்ணை ஏற்பாடு செய்தான். பேத்தி வயது. நல்ல பெண். வந்த முதல் நாளே என் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துவிட்டு, "மொத ரெண்டு நாளு சூடு வெச்சறாதீங்க, தேச்சும் விட்டறாதீங்க ஆன்ட்டி" என்று எனக்குப் பாடம் எடுத்தாள். நான் ஒன்றும் தெரியாதவள்போலத் தலையாட்டினேன். நான் எத்தனையோ பேருக்குச் சொல்லி, அவர்கள் இப்படியே தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தேய்த்துவிட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. சில நாள் கழித்து வீக்கம் வடிந்ததும், ஒரு டியூபைப் பிதுக்கி என் காலில் மெல்லத் தடவினாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நான் சித்தூரில் இல்லை. மூணாறு பக்கம், சூரியநெல்லிக்கு மேலே, தகரக் கூரை போட்ட இரண்டு அறை டிஸ்பென்சரியில் இருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நர்ஸ் படிப்பு முடித்த கையோடு அந்தத் தேயிலை எஸ்டேட்டில் வேலை கிடைத்தது. நான் நல்லேப்பிள்ளிக்காரி, இந்தச் சித்தூருக்குப் பக்கம். எங்கள் ஊரில் வயல் வரப்பைவிட உயரமான இடம் பார்க்க வேண்டுமென்றால் வைக்கோல் போரில்தான் ஏற வேண்டும். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் மேகத்துக்குள் விட்டால் என்ன ஆகும்? வேலையில் சேர்ந்த மறுநாளே டிஸ்பென்சரிக்கு முன்னாலிருந்த படியில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே கீழ்ப் பாதைவரை போய்ச் சேர்ந்தேன். கொழுந்து கிள்ளப் போய்க்கொண்டிருந்த பெண்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். "ஏனுங்க, கொஞ்சம் கை குடுங்க" என்று நான் கேட்டதில் அவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர்களெல்லாம் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். எங்கள் பக்கத்து 'ங்க' அவர்களுக்கு விளையாட்டாக இருந்தது. அன்றிலிருந்து நான் 'ஏனுங்க நர்சம்மா' ஆகிவிட்டேன்.

அங்கே எல்லாம் கால்தான். காய்ச்சலும் பிரசவமும் ஒரு பக்கம் இருந்தாலும், என்னிடம் வந்ததில் பாதிக்கு மேல் முழங்காலுக்குக் கீழே உள்ள சமாச்சாரம். செங்குத்தான சரிவில், ஈரத்தில், செருப்பில்லாமல், தலையில் கொழுந்து மூட்டையோடு இறங்குகிறவர்களுக்கு வேறென்ன வரும்? கணுக்கால் புரளும். மழைக்காலக் காலையில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்ளும். கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் குச்சி, ஈட்டி மாதிரி நிற்கும். அது ஆடுசதையில் குத்தும். ஆளின் முகத்தைப் பார்த்துப் பேர் சொல்வதற்கு முன்பே காலைப் பார்த்துப் பேர் சொல்லப் பழகிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் என்பதெல்லாம் அங்கே பேச்சே இல்லை. டிஸ்பென்சரிக்குப் பின்னால் ஓர் ஓடை இருந்தது. மார்கழியில் அந்தத் தண்ணீரில் விரலை விட்டால் விரல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுளுக்கு என்று வந்தவர்களை அதன் கரையில் உட்காரவைத்து, காலை உள்ளே விடச் சொல்வேன். பிறகு கிரேப் பாண்டேஜ் சுற்றி, காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல்லி அனுப்புவேன். படுப்பது என்ற ஒன்றை அவர்கள் எங்கே கண்டார்கள்? மறுநாள் பார்த்தால், காலில் புளியும் உப்பும் காய்ச்சிப் போட்ட பற்று மணக்கும். நான் சுற்றிய பாண்டேஜ் விறகுக் கட்டைச் சுற்றியிருக்கும். "நல்ல இழுவை நர்சம்மா, விறகு நகரவே மாட்டேங்குது" என்று எனக்கே நற்சாட்சி தருவார்கள். கொடுத்த பாண்டேஜைத் திரும்ப வாங்கித் துவைத்து, டிஸ்பென்சரி முன்னால் கொடியில் நீளநீளமாகக் காயப் போடுவது என் பெரிய வேலைகளில் ஒன்று.

தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். அந்த லயங்களில் எனக்கு ஒரு போட்டி உண்டு. பெயர் ராக்கம்மாள். கொழுந்து கிள்ளுகிறவள்தான். நாற்பதைத் தொடாத வயது, புருஷன் இல்லை, ஒற்றை ஆள். அவள் தலை முந்தாமல் கால் முந்திப் பிறந்தவள். கால்ல பொறந்தவங்க காலால் மிதித்துவிட்டால் சுளுக்கும் பிடிப்பும் போய்விடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. எங்கள் நல்லேப்பிள்ளியிலும் உண்டுதான். ஆனால் அங்கே ஆள் அகப்படாது. இங்கே பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்து வாசலில் ராக்கம்மாள் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். இடுப்புப் பிடித்தவர்கள், கால் புரண்டவர்கள் வந்து முன்னால் படுப்பார்கள். குழாயில் இடது காலைக் கழுவிவிட்டு வந்து, நோகிற இடத்தில் அந்தக் காலால் தடவி, லேசாக மிதித்துவிடுவாள். யாரிடமும் எதுவும் வாங்க மாட்டாள். ஆனால் அந்தக் காலைப் பற்றி அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. குளிரில் மற்றவர்கள் கால் வெடித்துப் பாளம் பாளமாக இருக்கும். அவள் அந்த ஒரு காலுக்கு மட்டும் ராத்திரி விளக்கெண்ணெய் தடவுவாளாம்.

எனக்கு ஆரம்பத்தில் கோபமாக வந்தது. புதிதாக வீங்கிய காலை மிதிக்கலாமா? பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். முதலில் என்னிடம் வாருங்கள், வீக்கம் வடிந்த பிறகு ராக்கம்மாளிடம் போங்கள் என்றேன். வீக்கம் வடிந்த பிறகு பாதி சுளுக்கு தானாகவே சரியாகிவிடும். பெயர் அவளுக்குப் போகும். போகட்டுமே என்று விட்டுவிட்டேன். வயிற்றெரிச்சல் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஒரு ஆவணி மாதக் காலை. பேச்சியம்மாளை நாலு பேர் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவளும் கொழுந்து கிள்ளுகிறவள்தான், ராக்கம்மாளைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவள், அடுத்த லயம். வலது குதிகாலைப் பிடித்துக்கொண்டு, வலியைவிட ஆத்திரத்தில் அதிகம் கத்திக்கொண்டு வந்தாள்.

"மிதிச்சுட்டா நர்சம்மா! அந்தக் கால்ல பொறந்த மூதி பொறத்தால நின்னு மிதிச்சுட்டா!"

நடந்தது இதுதான். மலைச்சரிவில் ஆளுக்கு ஒரு வரிசைச் செடி என்று கங்காணி பிரித்துக் கொடுப்பார். அதற்கு நிரை என்று பெயர். தன் நிரையை விட்டு அடுத்தவள் நிரையில் கை நீட்டிக் கொழுந்து கிள்ளுவது அங்கே பெரிய குற்றம். அன்று காலை ராக்கம்மாள் நிரை தாண்டினாள் என்று பேச்சியம்மாள் கிளப்ப, இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. கங்காணி விலக்கிவிட்டார். பிறகு எடை போடுவதற்காக மூட்டையைத் தூக்கிக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகப் போயிருக்கிறார்கள். முன்னால் பேச்சியம்மாள். நேர் பின்னால் ராக்கம்மாள். பனிமூட்டம். வழியில் மழைத்தண்ணீர் ஓடும் கானைத் தாண்டுவதற்காகப் பேச்சியம்மாள் வலது காலை ஊன்றி எம்பியிருக்கிறாள். 'டப்' என்று ஒரு சத்தம். குதிகாலுக்கு மேலே யாரோ ஓங்கி உதைத்தது போல இருந்ததாம். மூட்டையோடு விழுந்து, திரும்பிப் பார்த்தால் ராக்கம்மாள் நிற்கிறாள்.

பின்னால் வந்த பெண்களுக்கு மூட்டத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் சத்தம் கேட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். சத்தம் கேட்டதே, அதற்கு மேல் என்ன சாட்சி?

நான் காலைப் பார்த்தேன். தோலில் கீறல்கூட இல்லை. சேறு அப்பிய காலால் ஓங்கி உதைத்திருந்தால் அந்த இடத்தில் சேறாவது இருக்க வேண்டாமா? அதுவும் இல்லை. ஆனால் குதிகாலுக்கு மேலே, விரல் வைத்துத் தடவினால் கயிறு மாதிரி கெட்டியாக ஓடுமே, அந்த இடத்தில் என் விரல் பள்ளத்தில் இறங்கியது. பாதத்தை அசைக்கச் சொன்னேன், அசைத்தாள். பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன், நின்றாள். முன்விரலில் எம்பி நிற்கச் சொன்னேன். அது மட்டும் முடியவில்லை. சுளுக்கு மாதிரி இல்லை என்று தோன்றியது. வியாழக்கிழமை டாக்டர் வருவார், அதுவரை காலை ஊன்றக் கூடாது, யாரும் தேய்க்கக் கூடாது என்று சொல்லி, அசையாமல் கட்டை வைத்துக் கட்டினேன்.

அதற்குள் விஷயம் ஆபீசுக்குப் போய்விட்டது. துரை காதில் விழுந்துவிட்டது. வெள்ளைக்காரர் இல்லை, நம் ஊர் ஆள்தான். இருந்தாலும் மேனேஜரைத் துரை என்றே சொல்வார்கள். வேலை நேரத்தில், வேலைக்காட்டில் அடிதடி என்றால் பெயரை வெட்டிவிடுவது வழக்கம். பெயர் வெட்டினால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். ராக்கம்மாளுக்கு மலைக்குக் கீழே போக ஒரு இடம் கிடையாது. பிறந்ததே அந்த எஸ்டேட்டில்தான். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் பேச்சியம்மாளின் குதிகாலைச் சுற்றி நீலம் பாரித்துவிட்டது. அவள் புருஷன் சுடலைமுத்து, பேக்டரியில் வேலை, எஸ்டேட் கால்பந்து டீமுக்குக் கோல்கீப்பர். சாதாரணமாக அதிர்ந்து பேசாத மனிதர். அவரே போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு அந்த நீலத்தைக் காட்டினார். "தடம் பாருங்க. உதைச்ச தடம்." பார்த்தவர்கள் அப்படியே லயம் லயமாகப் போய்ச் சொன்னார்கள். சொகமாக்குற காலு, உதைச்சா சும்மா விடுமா? நரம்பையே அறுத்துப்போட்டிருக்கு பாரு. இப்படிப் பேச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராக்கம்மாள் வழக்கம்போல முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒருத்தரும் வரவில்லை. நான் அந்த வழியாகப் போனபோது என்னைக் கூப்பிட்டாள். "நான் உதைக்கல நர்சம்மா. வாய்ல திட்டுனேன், இல்லங்கல. காலைத் தூக்கல. இந்தக் காலை நான் அப்படித் தூக்குவேனா?" என்றாள். அழவில்லை. நான் "டாக்டர் வரட்டுங்க" என்று மட்டும் சொன்னேன்.

டாக்டர் கோட்டயம் பக்கத்துக்காரர். ஜீப்பில் வாரம் ஒரு தரம் வருவார். மலையாளமும் தமிழும் கலந்து அவருக்கென்று ஒரு பாஷை வைத்திருந்தார். பேச்சியம்மாளைப் பார்த்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, குதிகாலுக்கு மேல் விரலை ஓட்டியபடி அவளிடம் கேட்டார்.

"பின்னில இருந்து ஆரோ சவிட்டின மாதிரி தோணிச்சோ?"

சவிட்டு என்றால் உதை. பேச்சியம்மாள் அசந்துபோனாள். அவருக்கு எப்படித் தெரியும்? 'மாதிரி' என்றது உறைத்ததும் என் பக்கம் திரும்பி முறைத்தாள். "அவ ஒங்ககிட்ட வந்து சொல்லி, நீங்க டாக்டர்கிட்டச் சொல்லிட்டீகளா?" நான் சத்தியம் செய்யாத குறைதான்.

டாக்டர் அவளை பெஞ்சு மேல் முட்டி போடச் சொன்னார், பாதம் இரண்டும் பெஞ்சுக்கு வெளியே தொங்கும்படி. முதலில் நல்ல காலின் கெண்டைச் சதையைக் கையால் அமுக்கினார். பாதம் துள்ளியது. அடுத்து, அடிபட்ட காலின் சதையை அமுக்கினார். பாதம் அசையவில்லை. இன்னொரு தரம் அமுக்கினார். தொங்கிய துணி மாதிரி கிடந்தது. வாசலில் கூடி நின்ற கூட்டத்தில் ஒரு கிழவர் தன் கெண்டைக்காலைத் தானே அமுக்கிப் பார்த்துக்கொண்டார்.

கெண்டைச் சதையையும் குதிகாலையும் சேர்க்கிற நார் அது. டாக்டர் அதற்கு ஒரு பெரிய பெயர் சொன்னார். எங்கள் சனங்களுக்கு வெள்ளையாக நீளமாக இருப்பதெல்லாம் நரம்புதான். குதிநரம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது அறுந்துவிட்டது.

சுடலைமுத்து விடவில்லை. "சரி சார், அறுந்துருச்சு. அவ உதைச்சாள்ல, அதான் அறுந்துருச்சு." நியாயமான கேள்விதான்.

"ஆரும் சவிட்ட வேண்டாம்" என்றார் டாக்டர். "எம்பிச் சாடும்போ தானே பொட்டும். முறுக்கின கயிறு அறுந்து பொட்டுற மாதிரி. சத்தமும் கேக்கும். சவிட்டு கிட்டின மாதிரி இருக்கும். எல்லாரும் திரும்பி நோக்கும், எவன் சவிட்டினான்னு. பின்னில நிக்கறவன் பாடு கஷ்டம்." நீலத்தையும் காட்டிச் சொன்னார். அறுந்த இடம் மேலே, ரத்தம் கசிந்து கீழே இறங்கியிருக்கிறது. உதைத்த தடமென்றால் உதைத்த இடத்தில் அல்லவா இருக்கும்?

சுடலைமுத்துவின் முகம் ஒரு மாதிரி மாறியது. தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாக, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

"அப்ப அந்தப் பள்ளிவாசக்காரன்…"

கூட்டத்தில் இரண்டு பேர் 'ஆமா' என்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் கதை வெளியே வந்தது. நான் வருவதற்குச் சில வருஷம் முன்னால், பள்ளிவாசல் எஸ்டேட் டீமோடு ஒரு மேட்ச். அவர்கள் ஆள் ஒருவன் பந்தோடு தனியாகச் சுடலைமுத்துவைப் பார்த்து ஓடிவந்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு ஈ காக்கா கிடையாது. திடீரென்று விழுந்தான். விழுந்தவன் திரும்பி, "எவன்டா உதைச்சது?" என்று வெட்டவெளியைப் பார்த்துக் கத்தினான். மைதானமே சிரித்தது. பேச்சியம்மாளும் அன்று கரையில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தவள்தான். பிறகு யோசித்துப் பார்த்து, மைதான மூலையிலிருந்த மரத்து முனிதான் உதைத்தது, மேட்சுக்கு முன்னால் தேங்காய் உடைக்காத குற்றம் என்று முடிவு கட்டினார்கள். அதிலிருந்து ஒவ்வொரு மேட்சுக்கும் முனிக்குத் தேங்காய் உண்டு.

"நான் நேர நின்னு பாத்தேன் சார். ஒருத்தனும் பக்கத்துல இல்ல" என்றார் சுடலைமுத்து. "அப்ப அது முனி இல்லயா?"

டாக்டர் முனியைப் பற்றிக் கருத்துச் சொல்லவில்லை. காலில் மாவுக்கட்டுப் போட வேண்டும், மூணாறு ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்புங்கள் என்றார். அவர்கள் முனியையும் விட்டுவிடவில்லை. நான் இருந்த வரைக்கும் தேங்காய் உடைந்துகொண்டுதான் இருந்தது.

கொழுந்து லாரியில் பேச்சியம்மாளை ஏற்றும்போது துரையே வந்துவிட்டார். டாக்டர் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். துரை லாரிப் பக்கம் வந்து, "ராக்கம்மாள் உதைச்சாளா இல்லையா? நீ சொல்லு" என்று கேட்டார். ராக்கம்மாள் டிஸ்பென்சரிச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். எல்லோருக்கும் தெரியும்படி நின்றாள். பேச்சியம்மாள் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

"யாரும் உதைக்கலன்னு டாக்டர் சொல்லுதாரு" என்றாள்.

"நீ என்ன சொல்ற?"

"டாக்டரு சொன்னாச் சரிதான்."

வேலை தப்பியது. வீடும் தப்பியது. ஆனால் சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. டாக்டருக்கு என்ன, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். லயத்தில் பாதிப் பேர் டாக்டரை நம்பினார்கள், பாதிப் பேர் நம்பவில்லை. நம்பாதவர்கள் வாய்தான் பெரிதாக இருந்தது.

ராக்கம்மாள் முக்காலியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டாள். பிறகு யாராவது சுளுக்கு என்று போனாலும், "ஏனுங்க நர்சம்மாகிட்டப் போ. என் காலு உதைக்கிற காலு" என்று கதவைச் சாத்திவிடுவாள். எனக்குக் கூட்டம் கூடியது. போட்டி ஒழிந்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. கொடியில் காயும் பாண்டேஜ்கள் அதிகமாகிக்கொண்டே போனதைப் பார்க்க எரிச்சலாகத்தான் இருந்தது.

பேச்சியம்மாள் மாவுக்கட்டோடு திரும்பி வந்தாள். அதிலும் ஒரு கலாட்டா. அறுந்த நாரின் இரண்டு முனையும் பக்கத்தில் இருந்தால்தான் ஒட்டும் என்பதற்காக, பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி வைத்துக் கட்டியிருந்தார்கள். லயமே கூடி நின்று, டாக்டர் காலைக் கோணலாக வைத்துக் கட்டிவிட்டார் என்று தீர்ப்பு வழங்கியது. சுடலைமுத்து கட்டை உடைத்து நேராக்கச் சுத்தியல் தேடிக்கொண்டிருந்தார். நல்ல வேளையாக நான் போய்ச் சேர்ந்தேன். ஒரு சணல் கயிற்றை அறுத்து, இரண்டு முனையையும் சேர்த்தும் விலக்கியும் காட்டி, அவர் கையிலிருந்து சுத்தியலை வாங்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

கட்டுப் பிரித்தபோது காய்ந்த முருங்கைக்காய் மாதிரி மெலிந்திருந்தது அந்தக் கால். உடனே பாதத்தைத் தட்டையாக ஊன்றினால் நார் மறுபடி இழுபடும். அதற்காகப் பழைய டயர் செருப்பை வெட்டி, குதிகாலுக்கடியில் துண்டு துண்டாக அடுக்கிக் கொடுத்தேன். வாரம் ஒரு துண்டாகக் கழற்றுவோம். கம்பை ஊன்றிக்கொண்டு தினம் டிஸ்பென்சரிக்கு வருவாள். பெஞ்சில் உட்கார்ந்து பாதத்தை மெல்ல மேலும் கீழும் ஆட்டிப் பழகுவாள். ராக்கம்மாள் பேச்சை எடுத்தால் மட்டும் காது கேட்காது.

மழை விட்டு, வெயில் வரத் தொடங்கிய ஒரு காலை. கவாத்துக் குச்சி குத்திய வலது கெண்டைக்காலுக்கு மருந்து கட்ட ராக்கம்மாள் வந்தாள். வேறு வழியில்லாமல்தான் வந்தாள். வாசலில் பத்துப் பதினைந்து பேர். பெஞ்சில் பேச்சியம்மாள். ராக்கம்மாள் அவளைப் பார்க்காமல் உள்ளே வந்து, மருந்து கட்டிக்கொண்டு, பார்க்காமலே வெளியே போகத் திரும்பினாள்.

பேச்சியம்மாள் தன் மெலிந்த காலைத் தூக்கி நடைக்குக் குறுக்கே நீட்டினாள்.

"ஏட்டி ராக்கு. ஒரு மிதி மிதிச்சு விட்டுட்டுப் போ."

ராக்கம்மாள் என்னைப் பார்த்தாள். மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொல்ல வேண்டியது என் வேலை. "அமுத்தக் கூடாதுங்க. ஒட்டுன நாரு இன்னும் இறுகலைங்க" என்றேன். காலை வைக்கவே கூடாது என்று மட்டும் சொல்லவில்லை.

ராக்கம்மாள் வெளியே போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். குழாய்ச் சத்தம் கேட்டது. ஈரக் காலோடு திரும்பி வந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலைத் தூக்கி, பேச்சியம்மாளின் குதிகாலுக்கு மேலே, அந்த இடத்தில், வைத்தாள். வைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. தூங்குகிற பிள்ளை மேல் போர்வையை இழுத்துவிடுவது போல அவ்வளவு மெதுவாக. அவள் தொடை நடுங்கியது. கனம் விழக் கூடாதே என்று அப்படித் தாங்கி நின்றாள்.

பேச்சியம்மாள் அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இன்னைக்குத்தான்ட்டி ஒன் காலு என் மேல பட்டுருக்கு."

நான் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முக்காலி வாசலுக்கு வந்துவிட்டது.

இதெல்லாம் அந்தப் பிசியோதெரபிப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே என் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டாள். அந்த டிஸ்பென்சரி இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு தங்கும் விடுதியின் கார் ஷெட் இருக்கிறதாம். ஓடைத் தண்ணீரைக் குழாய் வைத்துத் திருப்பிவிட்டார்கள். பேச்சியம்மாளும் ராக்கம்மாளும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதெல்லாம் போகிறதுதான், அதற்கு நான் அழவில்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பார்த்தேன். இப்போது கால் முந்திப் பிறக்கிறவர்களே கிடையாது. ஸ்கேனில் கால் கீழே தெரிந்தால் உடனே ஆபரேஷன். நல்லதுதான். அப்படிப் பிறக்கும்போது மூச்சு முட்டிப்போன பிள்ளைகளை என் கையாலேயே எடுத்திருக்கிறேன்; அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று எந்த நர்சும் சொல்ல மாட்டாள். இருந்தாலும், கால்ல பொறந்தவங்க என்று ஒரு வகை மனிதர்கள் சத்தமில்லாமல் இல்லாமல் போய்விட்டார்கள்.

அந்தப் பெண் ஆட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"நானுங்கூட வயித்துக்குள்ள காலு கீழதான் இருந்தனாமுங் ஆன்ட்டி. அம்மா சொல்லுவாங்க. ஆபரேசன் பண்ணித்தான் எடுத்தாங்களாமா." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "அது கணக்குல சேருமுங்களா?"

சேருமா? எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லக் கூடியவர்கள் ஒருவரும் இப்போது இல்லை. நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் கார் நிற்கிறது.

"குளிமுறி அங்கிருக்கு. காலைக் கழுவிட்டு வா கண்ணு" என்றேன்.